போனில் 300, லேப்டாப்பில் 40: ஏன்?

ஒரே அறையில், ஒரே வைஃபையில் போனுக்கு 300 எம்பிபிஎஸ் வேகம், லேப்டாப்புக்கு வெறும் 40 என்கிறீர்கள். ரூட்டரைத் திட்டாதீர்கள், லேப்டாப் வைஃபையின் மெதுவான அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். விண்டோஸில் அந்த வைஃபையின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து 'நெட்வொர்க் பேண்ட்', 'லிங்க் ஸ்பீடு' இரண்டையும் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ், 72 எம்பிபிஎஸ் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். பழைய 'என்' ரக (802.11n) வைஃபை கார்டில் ஒற்றை ஆன்டெனாவும் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலும் இருந்தால் அதுதான் உச்சம். கைக்கு வருவது அதில் பாதி சொச்சம். போன் அநேகமாக வேகமான அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில், 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் ஓடுகிறது. (நாலு சுவர் தாண்டினால் அதுவும் படுத்துவிடும், அது வேறு கதை.)

ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனி வைஃபை பெயர் வைத்துப் பாருங்கள். லேப்டாப்பில் அந்தப் பெயரே தெரியவில்லையென்றால் பெரும்பாலும் கார்டு பழசு. டூயல் பேண்ட் (இரண்டு அலைவரிசையும் பிடிக்கும்) யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று போதும், யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகுங்கள்.