குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். விகிதம், கலவைக் கணக்கு என்றாலே சூத்திரங்கள் குழம்புகின்றன. எளிய வழி உண்டா?

உண்டு. சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, கணக்கில் எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் தேடுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் மாலை வேளைகளில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் நெல் கணக்கைத்தான் கொடுப்பேன். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் கேட்கிறார்கள். களத்தில் கிடப்பதோ 22 சதவீத ஈரத்தோடு 100 கிலோ. காயவைத்தால் எவ்வளவு தேறும்? விவசாயி வீட்டுப் பிள்ளைகளே பட்டென்று "95 கிலோ" என்பார்கள். வெயில் கொண்டுபோவது தண்ணீரை மட்டும்தானே! ஈரம் நீக்கிய நெல்லின் எடை 78 கிலோ. காயும் முன்பும் அதுதான், காய்ந்த பின்பும் அதுதான். 17 சதவீத ஈரம் என்றால் அந்த 78 கிலோ மொத்தத்தில் 83 சதவீதம். 78-ஐ 83-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 94 கிலோ. (ஒரு கிலோதானே என்று நினைக்காதீர்கள். நூறு மூட்டைக்கு ஒரு மூட்டை போகிறது.)

பால் கணக்கும் இதே கதைதான். 40 லிட்டர் கலவையில் பாலும் தண்ணீரும் 5:3. இரண்டும் சமமாக வேண்டும், தண்ணீர் மட்டுமே சேர்க்கலாம். பால் 25 லிட்டர், அது அசையாது. தண்ணீர் 15 இருக்கிறது, இன்னும் 10 ஊற்ற வேண்டும். எக்ஸ் எதற்கு?

கிலோ 40 ரூபாய் அரிசியையும் 55 ரூபாய் அரிசியையும் கலந்து, சராசரி 46 ரூபாய் வர வேண்டும் என்றால் குறுக்குக் கோடு போட்டு விலைகளைக் கழிக்கக் கற்றுத்தருவார்கள். வேகமான முறைதான், ஆனால் எந்த எண் எந்த அரிசிக்கு என்று தேர்வறையில் தடுமாறுவார்கள். அதற்குப் பதில் இப்படி யோசியுங்கள்: 46-க்கு விற்றால் மலிவு அரிசியில் கிலோவுக்கு 6 ரூபாய் லாபம், மற்றதில் 9 ரூபாய் நட்டம். லாபமும் நட்டமும் சரிக்குச் சரியாக, மலிவு அரிசி 3 கிலோவுக்கு மற்றது 2 கிலோ.

எடுத்துவிட்டு ஊற்றும் கணக்குதான் கொஞ்சம் வம்பு. 40 லிட்டர் பாலில் 4 லிட்டரை எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றுகிறார்கள், மூன்று முறை. இங்கே பாலே குறைகிறது. மாறாமல் இருப்பது குறையும் வீதம்: ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்பது பங்கு பால் மிஞ்சும். 36, 32.4, 29.16 லிட்டர் என்று வரிசையாகப் போட்டுவிடலாம்.