செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் அவருக்கு இடம் எங்கே?

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு சின்ன விளையாட்டு கிளப் நடத்துகிறோம். நான் அதன் செயலாளர். மாலையில் ஷட்டில், டேபிள் டென்னிஸ். ஞாயிறு காலையில் ஓட்டம். போன மாதம் சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண், ஷட்டில் விளையாடச் சேரலாமா என்று கேட்டார். கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்வதாக அனுப்பிவைத்தேன். கமிட்டியில் ஒருவர் காப்பீட்டில் சிக்கல் வரும் என்கிறார். இன்னொருவர் தரை கெட்டுவிடும் என்கிறார். ஒருவருக்காக விதியை மாற்றினால் மற்றவர்களுக்கு அது நியாயமா என்றும் கேட்கிறார்கள். கடைசியில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாக ஒரு விளையாட்டு நாள் நடத்தலாம் என்று முடிவானது. எனக்கு அது உறுத்துகிறது. இதற்கு முன்பு ஆட்டிசம் உள்ள ஒரு பையனும் இரண்டு நாள் வந்துவிட்டு நின்றுவிட்டான். கையில் பணம் அதிகம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவர் கேட்டது மாலை நேரத்தில் ஷட்டில். உங்கள் கமிட்டி கொடுக்க முன்வந்தது வருடத்தில் ஒரு நாள், கொஞ்சம் கைதட்டல், ஒரு குழுப் படம். அந்த நாளை நடத்துவதானால் நடத்துங்கள், ஆனால் அதை அவருடைய கேள்விக்கான பதிலாக எண்ணிவிடாதீர்கள். சந்தா கட்டி, செவ்வாய்க்கிழமை ஆறரை மணி ஆட்டத்தில் தன் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் வந்தார்.

ஒரு மாதம் ஆகிவிட்டது இல்லையா? முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள். தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, ஆட்டம் இல்லாத நேரத்தில் ஒருமுறை வந்து இடத்தைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். உங்கள் கட்டடத்தில் எது தடை என்பதை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். கமிட்டி ஆறு கூட்டம் போட்டாலும் அது பிடிபடாது. பேசும்போது அவரிடமே பேசுங்கள், கூட வருபவரிடம் அல்ல. இந்தத் தவற்றை நான் செய்திருக்கிறேன். நான் பயிற்சியாளராக இருந்த காலத்தில் பார்வையற்ற ஒருவர் தம்பியுடன் ஓட வந்தார். "அண்ணன் எவ்வளவு தூரம் ஓடுவார்?" என்று தம்பியிடம் கேட்டேன். "பத்து கிலோமீட்டர் ஓடுவேன் சார். நீங்களும் வருகிறீர்களா?" என்று அண்ணனிடமிருந்து பதில் வந்தது. ஐந்துக்கு மேல் நான் ஓடியதே இல்லை.

அப்புறம், "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்ற கேள்வி வேண்டாம். "விளையாட என்ன ஏற்பாடு தேவை?" என்று கேட்டால் போதும். இந்தக் கேள்வியைச் சேர்க்கைப் படிவத்தில் எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துவிடுங்கள். முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு ஆடுகிறவரும், ஒரு காதில் சரியாகக் கேட்காதவரும் உங்கள் கிளப்பில் இப்போதே இருப்பார்கள். அவர்களும் அதில் எழுதுவார்கள். மருத்துவச் சான்றிதழ் கேட்பதானால் எல்லோரிடமும் கேளுங்கள்.

இனி அந்த நியாயக் கேள்வி. உங்கள் கமிட்டியில் பலரும் மனதில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லத் தயங்குவது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டென்னிஸை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி டென்னிஸ் 1976இல் தொடங்கியது. அதில் பந்து இரண்டு முறை தரையில் குதிக்கலாம். இரண்டாவது குதிப்பு கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் ஆட்டம் தொடரும். நாற்காலியில் இருப்பவரும் நின்று ஆடுபவரும் ஒரே கோர்ட்டில் மோதலாம் என்று சர்வதேச டென்னிஸ் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது: அவருக்கு இரண்டு குதிப்பு, இவருக்கு ஒன்று. நின்று ஆடுபவர் அதில் சும்மா ஜெயித்துவிட முடியாது, வியர்த்துத்தான் ஆக வேண்டும்.

2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே இப்படி ஒரு வழக்கு போனது. கேசி மார்ட்டின் என்ற கோல்ஃப் வீரருக்குக் காலில் ரத்த ஓட்டக் கோளாறு. நடந்தால் எலும்பு முறியும் அபாயம் உண்டு. வண்டியில் போக அனுமதி கேட்டார். போட்டியை நடத்திய அமைப்பு, நடப்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று வாதாடியது. கோல்ஃபின் சாரம் பந்தை அடிப்பதில் இருக்கிறது, நடப்பதில் இல்லை என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. வண்டியில் போனாலும் மற்றவர்களைவிட அவருக்குத்தான் களைப்பு அதிகம் என்பதும் விசாரணையில் தெரியவந்தது. உங்கள் கமிட்டியும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். ஷட்டிலின் சாரம் எது? காக் என்கிற இறகுப்பந்தை எதிராளி எடுக்க முடியாத இடத்தில் போடுவது என்றுதான் நான் சொல்வேன். அதை உட்கார்ந்துகொண்டும் செய்யலாம்.

நீங்களாக விதி எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, எழுதப்பட்டே இருக்கிறது. சக்கர நாற்காலி ஒற்றையர் ஆட்டத்தில் கோர்ட்டை நீளவாக்கில் பாதியாக்கிக்கொள்வார்கள். நெட்டுக்கும் முன் சர்வீஸ் கோட்டுக்கும் இடையிலுள்ள பகுதியில் காக் விழுந்தால் அவுட். நெட்டின் உயரம் எல்லோருக்கும் ஒன்றுதான். கோடும் போட வேண்டாம், கலர் டேப்பும் வாங்க வேண்டாம். உங்கள் கோர்ட்டில் இருக்கிற நடுக்கோடு போதும். அந்தப் பெண் நின்று ஆடுபவருடன் மோதும்போது இருவருக்குமே பாதி கோர்ட் என்று வைத்துப் பாருங்கள். இரட்டையரில் அவருடைய பாதியை அவரே பார்த்துக்கொள்ளட்டும். பார்ட்னர் உதவுவதாக நினைத்து அவர் பக்கமெல்லாம் ஓடிவந்து எடுக்க ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். எனக்கு இதில் ரொம்பவே எரிச்சல் வரும். சேர்த்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டு ஒரு காக்கைக்கூடத் தொட விடாத ஆட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சுலபமாகத் தூக்கிப் போடுவதும் வேண்டாம். எவ்வளவு கடினமாக ஆட வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பின்கோட்டுக்குத் தூக்கி அடிக்கும் காக்கை எடுக்க அவர் பின்னால் நன்றாகச் சாய வேண்டியிருக்கும். சாதாரண நாற்காலி அப்போது கவிழலாம். அதனால்தான் விளையாட்டு நாற்காலிகளில் பின்புறம் சின்னத் தாங்கு சக்கரம் வைத்திருப்பார்கள். பெரிய சக்கரங்களும் கீழே அகன்று சாய்ந்திருக்கும். அப்படி ஒன்று கிடைக்கும்வரை அந்த மாதிரி அடியை இருவரும் தவிர்த்து ஆடலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டுச் சங்கம் ஏதாவது இருந்தால், நாற்காலி இரவல் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

தரை பற்றிய பயத்துக்கு ஒரு வரி போதும்: கறுப்புத் தடம் விடாத டயர்கள் இருக்கின்றன. தரையைக் கெடுப்பது பெரும்பாலும் வெளியே போட்டு நடந்த ஷூவோடு உள்ளே வருகிறவர்கள்தான். காப்பீட்டு விஷயத்தில் யூகம் வேண்டாம். "மாற்றுத்திறனாளி உறுப்பினர்களுக்குப் பாலிசியில் ஏதாவது விலக்கு உண்டா?" என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். விலக்கு இருந்தால் அது பாலிசியில் சரிசெய்ய வேண்டிய குறை, அவரைத் திருப்பி அனுப்பக் காரணம் ஆகாது.

கட்டடத்துக்கு வருவோம். வாசலில் ஒரு படி இருக்கிறது என்று வையுங்கள், உயரம் 15 சென்டிமீட்டர். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட சாய்வுக் கணக்கு. அப்படியானால் சாய்தளத்துக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். அவசரத்துக்கு ஒரு பலகையைச் சரித்துப் போடுவது ஆபத்து. நாற்காலியோடு தூக்கிவிடுகிறோம் என்று நாலு பேர் முன்வருவதும் எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு மாலையும் தன்னைத் தூக்கச் சொல்லி யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்? வாசலைவிட எல்லோரும் மறப்பது கழிப்பறையை. கதவு அகலமில்லை என்றால் அவர் புகார் சொல்ல மாட்டார். வருவதற்கு முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார், அல்லது அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். 'அவருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது போலிருக்கிறது' என்று நீங்களும் நினைத்துக்கொள்வீர்கள். முதுகுத்தண்டின் மேல்பகுதியில் காயம்பட்டவர்களுக்கு வியர்வை சரியாகச் சுரக்காது, உடல் சூடு சட்டென்று ஏறும். அப்படிப்பட்ட ஒருவர் தண்ணீர் குடிக்காமல் விளையாடுவது விபரீதம். அதனால் இருக்கிற பணத்தில் முதல் செலவு கழிப்பறைக் கதவுக்கு என்பது என் கட்சி. நெருப்பு, மின்தடை என்றால் அவர் எந்த வழியாக வெளியே வருவார் என்பதையும் அவருடனேயே பேசி முடிவு செய்யுங்கள்.

தனி அணிகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, எல்லோருடனும் சேர்ந்து விளையாடும் உரிமையையும் தங்களுக்கான போட்டிகளை நடத்திக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே பேசுகிறது. காது கேளாதோருக்கான சர்வதேசப் போட்டி 1924இலேயே பாரிஸில் நடந்திருக்கிறது. தனியாகவா, சேர்ந்தா என்பதை விளையாடுகிறவர் முடிவு செய்யட்டும். ஒன்று மட்டும்தான் உண்டு என்று கிளப் சொல்லிவிடக் கூடாது.

உங்கள் ஞாயிறு ஓட்டத்துக்கு இந்த அளவு மாற்றம்கூடத் தேவைப்படாது. பார்வையற்றவருடன் ஓட ஒரு துணை, இருவர் கையிலும் ஒரு சின்னக் கயிறு, அவ்வளவுதான். துணைக்கு வருபவர் இழுக்கக் கூடாது, மேடு பள்ளத்தை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வர வேண்டும். காது கேளாதவர் இருந்தால் விசிலோடு கொடியையும் அசையுங்கள். டேபிள் டென்னிஸ் மேசை வாங்கும்போது கால்கள் விளிம்பிலிருந்து 40 சென்டிமீட்டராவது உள்ளே தள்ளியிருக்கும்படி பாருங்கள். இல்லாவிட்டால் நாற்காலியில் இருப்பவரின் முழங்கால் இடிக்கும். துணையாக வருபவரிடம் தனிக் கட்டணம் கேட்காதீர்கள்.

இந்தப் பெண் சேர்ந்த மறுமாதமே அவரைக் கமிட்டியில் உட்காரவைத்து எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் பிரதிநிதி ஆக்கிவிடவும் வேண்டாம். அவர் வந்தது விளையாட. கமிட்டி வேலையில் விருப்பம் இருந்தால் அவரே சொல்வார்.

அந்தப் பையனைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். என் மனம் என்னவோ அங்கேயே நிற்கிறது. ஏன் நின்றான் என்று யாராவது கேட்டீர்களா? ஷட்டில் நடக்கும் கூடம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஷூ கிறீச்சிடும் சத்தம், விசில், எதிரொலி, தலைக்கு மேல் மினுக்கும் விளக்கு. இதற்கு நடுவே பயிற்சியாளர் ஒரே மூச்சில் நாலு கட்டளை சொல்வார். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே வலி மாதிரி இருக்கும்.

அவனுடைய பெற்றோரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். திரும்பி வர அவனுக்கு விருப்பம் என்றால் கூட்டம் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் வரச் சொல்லுங்கள். கூடம், கோர்ட், தண்ணீர் இருக்கும் இடம், பயிற்சியாளரின் முகம் என்று நாலைந்து படம் எடுத்து முன்பே அனுப்பிவிடுங்கள். தினமும் ஒரே வரிசையில் பயிற்சி இருக்கட்டும்: முதலில் இது, அடுத்து அது. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை போதும், சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது. ஒன்றை நிறுத்தப் போகும்போது "இன்னும் இரண்டு நிமிடம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். காதை மூடும் ஹெட்ஃபோனோடு விளையாடினால் விட்டுவிடுங்கள். ஒரு மூலையில் ஒரு நாற்காலி போட்டு, வேண்டும்போது அங்கே போய் உட்காரலாம், யாரும் வந்து பேச மாட்டார்கள் என்று அவனிடமே காட்டுங்கள். முதல் நாள் பத்தே நிமிடத்தில் கிளம்பிவிட்டாலும் பரவாயில்லை. மறுநாள் வரிசையிலும் அவன் பெயர் இருக்கட்டும்.