குளிசை தொடங்கிய பிறகு கொலஸ்ட்ரோல் ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 38. விசுவமடுவில் மரக்கறித் தோட்டம் செய்கிறோம். போன வருடம் நன்றாகச் சாப்பிட்டும் 54 கிலோவிலிருந்து 46க்கு இறங்கிவிட்டேன். கைநடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு. தைரொயிட் கூடுதலாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்றார்கள். அப்போது கொலஸ்ட்ரோல் 126. நாலு மாதமாகக் கார்பிமசோல் குளிசை எடுக்கிறேன். டி4 என்ற தைரொயிட் ஹோர்மோன் சரியான அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் கொலஸ்ட்ரோல் 194, நிறை 51. "குளிசைதான் கொழுப்பை ஏத்துது, விட்டிடு" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. விடலாமா?

பதில்: விடவே வேண்டாம், தங்கச்சி. அந்த 126 உங்கள் ஆரோக்கியத்தின் அளவு இல்லை, நோயின் அளவு. எங்கள் கிளினிக்கிலும் குறைந்த கொலஸ்ட்ரோலைப் பார்த்துச் சந்தோசப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

தைரொயிட் ஹோர்மோன் கூடும்போது ஈரல் கொலஸ்ட்ரோலை வழமையைவிட அதிகமாகத்தான் உண்டாக்குகிறது. ஆனால் இரத்தத்தில் கொலஸ்ட்ரோலைச் சுமந்து ஓடும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளும் ஈரலில் பெருகிவிடும். இழுத்ததில் ஒரு பங்கு பித்தத்தோடு வெளியேறும். மாரியில் இரணைமடுக் குளத்துக்கு வரத்து கூடினாலும், வான்கதவுகளை அதைவிடக் கூடத் திறந்துவிட்டால் நீர்மட்டம் இறங்கும்தானே? அதே கணக்குத்தான். குளிசை ஹோர்மோனைக் கட்டுப்படுத்தியதும் கதவு பழைய நிலைக்கு வருகிறது, மட்டமும் ஏறுகிறது. மொத்தக் கொலஸ்ட்ரோல் 200க்குக் கீழே இருப்பது பொதுவாக விரும்பத்தக்கது என்பதால், 194ஐப் பார்த்துப் பயப்பட எதுவும் இல்லை.

நிறை குறைந்தது வேறு வழியால். தோலின் கீழே சேமித்த கொழுப்பு உடைந்து கொழுப்பமிலங்களாக இரத்தத்தில் கலக்கும். ஈரலும் தசையும் அதை எரிக்கும். உடைந்ததில் கொஞ்சம் மறுபடி கொழுப்பாகி, மறுபடி உடையும். இந்த வீண்சுற்றிலும் சக்தி செலவாகி வெப்பமாகிறது. உங்களுக்கு வியர்த்துக் கொட்டியதும், இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டும் உடம்பு பிடிக்காததும் அதனால்தான். கரைந்தது கொழுப்பு மட்டும் என்று நினைக்காதீர்கள், தசையும் போயிருக்கும். தோட்டத்தில் குந்தியிருந்து களை பிடுங்கிவிட்டு எழும்பத் தொடைகளில் பலமில்லாமல் இருந்ததா? கவனியாமல் விட்டால் எலும்பு தேயும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். மெலிவுக்காக இந்த நோயை வைத்திருக்க நினைப்பது பெரிய ஆபத்து.

ஏறிய ஐந்து கிலோவில் இழந்த தசையும் திரும்பியிருக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹோர்மோன் அடங்கினாலும் அந்தக் காலத்துப் பசிப்பழக்கம் உடனே அடங்காது. சோற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். நெத்தலி, பயறு, முருங்கையிலையைக் குறைக்க வேண்டாம், தசைக்கும் எலும்புக்கும் அவை தேவை. தேங்காய்ப்பாலை அடியோடு நிறுத்தத் தேவையில்லை, முதற்பாலை அளவோடு விடுங்கள்.

குளிசையின் அளவு கூடிப்போய் ஹோர்மோன் மிகவும் இறங்கினாலும் கொலஸ்ட்ரோல் ஏறும். அப்படியானால் குளிர் தாங்காது, மலச்சிக்கல், சோர்வு வரும். உங்கள் டி4 சரியாக இருப்பதால் இப்போது அந்தச் சந்தேகம் இல்லை. தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனான டிஎஸ்எச் மட்டும் இன்னும் சில மாதம் குறைவாகவே காட்டலாம், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். குளிசையை வழமையாக 12 முதல் 18 மாதம் எடுக்கவேண்டி வரும். இடையில் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் வேலை.

காய்ச்சலோடு தொண்டைநோவோ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் அடுத்த வேளைக் குளிசையைப் போடாமல், தருமபுரமோ கிளிநொச்சியோ, கிட்டிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போங்கள். கார்பிமசோல் எடுப்பதைச் சொல்லி, வெண்குருதிக்கலங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். அரிதாக இந்தக் குளிசை அவற்றை மிகவும் குறைத்துவிடும். இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் கரு தங்கும் முன்னரே கிளினிக்கில் கதையுங்கள், குளிசையை மாற்ற வேண்டியிருக்கும்.