கேள்வி நேரம்: சீனாவின் லோங்ஜியா மக்கள்

கேள்வி: சீன அரசின் 55 சிறுபான்மை இனங்களின் பட்டியலில் லோங்ஜியா என்ற பெயரே இல்லையே, ஏன்? அவர்கள் எங்கே வாழ்கிறார்கள்?

பதில்: 1980-களில் நடந்த இனவரையறையில் லோங்ஜியாக்களில் பலர், அந்த 55-இல் ஒன்றான பாய் இனத்தில் சேர்க்கப்பட்டார்கள். அதனால் மக்கள்தொகைக் கணக்கில் தனியாகத் தேடினால் கிடைக்காது. தென்மேற்குச் சீனாவின் குய்சோ மாகாணத்துப் பாய் மக்களுக்குள் கலந்திருப்பார்கள். பாய் என்றதும், பாய் மக்கள் மிகுதியாக வாழும் யுன்னான் மாகாணத்துத் தாலி (Dali) வட்டாரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் பலர் செய்யும் தவறு.

மேற்கு குய்சோவின் தாஃபாங், சியான்சி, ஆன்ஷுன் பகுதிகள்தான் இவர்களுடைய இடம். சீனாவின் சிங் அரசமரபுக் காலத்தில் தென்மேற்கு இனங்களைப் படம் வரைந்து விவரித்த 'மியாவோ படத்தொகுப்பு'களில் இவர்களை நான்கு பிரிவாக வரைந்திருக்கிறார்கள்: நாய்க்காது, குதிரை அங்கவடி, பெருந்தலை, செங்சூ லோங்ஜியா. பெருந்தலைப் பிரிவுப் பெண்கள் தங்கள் கூந்தலோடு குதிரைப் பிடரிமயிரையும் சேர்த்துச் சுருட்டிப் பெரிய கொண்டையாக வைப்பார்களாம். நாய்க்காதுப் பிரிவில், வசந்தத்தில் நட்ட கம்பத்தைச் சுற்றி இளைஞர்களும் பெண்களும் ஆடித் துணை தேடுவார்களாம். ஆனால் இவையெல்லாம் வெளியார் எழுதிய குறிப்புகள். 'மியாவோ' என்று தலைப்பிட்டதற்காக இவர்களை மியாவோ என்ற வேறோர் இனத்தவர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மொழி அநேகமாக மறைந்துவிட்டது. அதற்கு நெருங்கிய உறவு, அதே வட்டாரத்தின் சாய்ஜியா, லூரென் மொழிகள். இந்த மூன்றும் பாய் மொழியின் கிளையா, பழைய சீன மொழியின் கிளையா என்று அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடுதான்.