லிப்ரே ஆபீஸுக்கு லைசென்ஸ் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: கும்பகோணத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 3 கம்ப்யூட்டரிலும் லிப்ரே ஆபீஸ்தான். "வீட்டுக்குத்தான் இலவசம், கடைக்கு லைசென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் ரெய்டு வரும்" என்று ஒருவர் கம்ப்யூட்டருக்கு 2,500 ரூபாய் கேட்கிறார். கட்டிவிடவா?

பதில்: ஒரு பைசா கட்டாதீர்கள். கடிதம், கணக்கு அடிக்க உதவும் லிப்ரே ஆபீஸ், 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த திறமூல மென்பொருள்; அதாவது யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். அதன் உரிமத்தில் வீடு, கடை என்ற பேதமே கிடையாது; 300 கம்ப்யூட்டரில் போட்டாலும் யாரும் கேட்க முடியாது. ஹெல்ப் மெனுவில் 'லைசென்ஸ் இன்ஃபர்மேஷன்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்து அந்த ஆளிடம் காட்டுங்கள். அதே மெனுவில் நன்கொடை கேட்கும் வரியும் உண்டு. அது மனமிருந்தால் கொடுப்பது.

அதற்காகக் காசு கேட்பவர் எல்லாருமே ஏமாற்றுக்காரர் என்றும் நினைத்துவிடாதீர்கள். திறமூல மென்பொருளை விற்கத் தடையில்லை. லிப்ரே ஆபீஸே ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் ஆப் ஸ்டோர்களில் சிறு தொகைக்கு விற்கப்படுகிறது. கடைக்கே வந்து போட்டுக்கொடுத்து, பிரின்டரை இணைத்து, தமிழ்99 விசைப்பலகையை அமைத்துத் தருபவர் கூலி கேட்பது நியாயம்தான். பெரிய கம்பெனிகளும் பராமரிப்புக்கு வருடாவருடம் பணம் கட்டுகின்றன. பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று இருந்தால் கொடுங்கள். 'லைசென்ஸ் ஃபீஸ்' என்று இருந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ரெய்டு பயம் வேறொன்றுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ போட எந்த மென்பொருள் வைத்திருக்கிறீர்கள்? கள்ள ஃபோட்டோஷாப் என்றால் இன்றே எடுத்துவிட்டு, படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப் போடுங்கள். தெரிந்தே திருட்டுப் பிரதியைப் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சில நூறு ரூபாய்க்கு 'லைஃப்டைம் கீ' (மென்பொருளைத் திறக்கும் குறியீடு) விற்பவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

இன்னொரு தலைவலியும் உங்களுக்கு இருக்கும். வாடிக்கையாளர் கொண்டுவரும் அரசு விண்ணப்பத்தைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஏதோ இங்கிலீஷ் எழுத்துகள் கொட்டும். பழி லிப்ரே ஆபீஸ் மேல் விழும். குற்றம் பழைய ஃபான்டில் அடித்தவருடையது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010லேயே ஏற்றது, மத்திய அரசு 2015இல் திறமூலக் கொள்கையே வெளியிட்டது. அலுவலக மேசைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை! அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் வேர்டிலும் இதே கதிதான். யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பிடிஎஃப் பிரதியும் கேட்டு வாங்குங்கள்.