இரண்டு லேப்டாப்போடு விமானம் ஏறலாமா?

கேள்வி: வெளிநாட்டுப் பயணத்தில் அலுவலக லேப்டாப், சொந்த லேப்டாப், 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் மூன்றையும் கையோடு கொண்டு போகலாமா? ஒரு லேப்டாப்பைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டால் என்ன?

பதில்: மூன்றையும் கையோடு கொண்டு போகலாம். பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது.

விமான நிறுவனங்கள் முக்கியமாகப் பார்ப்பது பேட்டரியின் வாட்-அவர் அளவை, அதாவது அது தேக்கி வைக்கும் ஆற்றலை. 100 வரை முன் அனுமதி வேண்டாம். 100க்கு மேல் 160 வரை நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மேற்பட்ட லேப்டாப் பேட்டரியை ஏற்ற மாட்டார்கள். அளவு அச்சிடப்படவில்லை என்றால் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள்: 11.1 × 4.4 என்றால் 48.84. பவர் பேங்கில் பலர் தவறுவது இங்கேதான். வெளியே வரும் 5 வோல்ட்டை எடுக்காதீர்கள். உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டை எடுங்கள். உங்களுடைய 20,000 எம்ஏஎச் என்பது 20 ஆம்பியர்-அவர்; 20 × 3.7 = 74, பிரச்சினை இல்லை. அளவைக் காட்டும் எழுத்து அழிந்துபோன பவர் பேங்க் என்றால் சோதனையில் பறிபோகலாம். 2025 முதல் எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவை பறக்கும்போது பவர் பேங்கால் சார்ஜ் செய்வதையும் தடுத்துவிட்டன.

லேப்டாப்பைச் செக்-இன் பெட்டியில் போட பொதுவாக விதி இடம் தருகிறது. ஆனால் ஸ்லீப்பில் விடாமல் முழுதாக அணைத்து, அடிபடாதபடி சுற்றி வைக்க வேண்டும். இருந்தும் வேண்டாம் என்றே சொல்வோம். லித்தியம் பேட்டரி தீப்பற்றினால் கேபினில் ஊழியர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க முடியும். சரக்கு அறையில் ஹாலான் வாயு தீச்சுவாலையை அடக்கும், பேட்டரிக்குள் ஏறும் சூட்டை நிறுத்தாது. லேப்டாப்பின் திரையோ உடலோ உடைந்தால் இழப்பீடும் எளிதல்ல: விமானப் பயண இழப்பீடு பற்றிய சர்வதேச மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். மின்னணுப் பொருளுக்குப் பொறுப்பில்லை என்று பல நிறுவனங்கள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

எடையையும் பாருங்கள். எகானமி வகுப்பில் பல நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் தருகின்றன. லேப்டாப் பையைத் தனியாக விடுபவையும் உண்டு, அந்த 7 கிலோவுக்குள் சேர்ப்பவையும் உண்டு. இடையில் விமானம் மாறினால், ஒவ்வொரு பகுதியையும் உண்மையில் இயக்கும் நிறுவனத்தின் விதியைப் பார்த்து, கடுமையானதற்கு ஏற்பப் பையைக் கட்டுங்கள்.

இடமில்லை என்று விமானத்தின் வாசலில் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்பும்போதுதான் பலர் மறந்துவிடுகிறார்கள். பவர் பேங்கும் தனி பேட்டரிகளும் அப்போது கட்டாயம் வெளியே வர வேண்டும். லேப்டாப்பையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். இவற்றைத் தனி உறையில் போட்டு, பையின் மேல்பகுதியில் வைத்தால் வரிசையில் நின்றபடியே உருவிக்கொள்ளலாம்.

கேள்வி: என் பழைய லேப்டாப்பின் பேட்டரி லேசாக உப்பியிருக்கிறது. கொண்டு போகலாமா?

பதில்: கூடாது. கேபினிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. பேட்டரியை மாற்றிய பிறகே எடுத்துச் செல்லுங்கள். தயாரிப்பாளர் திரும்ப அழைத்த பேட்டரிக்கும் இதேதான்; 2015 ஆம் ஆண்டு வந்த 15 அங்குல மேக்புக் ப்ரோ சிலவற்றை ஆப்பிள் 2019இல் அப்படி அழைத்தது. உங்களுடையது அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதை வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பார்க்கலாம்.