ஆஃபென்ஹவுசர்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

நான் ஒஹையோவில் டீசல் எஞ்சின் துறையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் இண்டியானாபோலிஸ் பந்தயப் பாதையின் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். கார்கள் அழகு, சந்தேகமில்லை. ஆனால் எஞ்சின்களைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. ஃபெராரி பன்னிரண்டு சிலிண்டர் செய்துகொண்டிருந்த காலத்தில் இவர்கள் ஆஃபென்ஹவுசர் என்ற நாலு சிலிண்டர் எஞ்சினைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பார்க்க எங்கள் ஊர் பம்புசெட் எஞ்சின் மாதிரியே இருக்கிறது. பாதையும் நீள்வட்டம், இடது பக்கம் திருப்புவதைத் தவிர ஓட்டுநருக்கு வேறு வேலை கிடையாது. இந்தப் பழைய பந்தயங்களைப் பற்றி நீங்கள் உருகி எழுதியிருந்ததைப் படித்திருக்கிறேன். இதில் அப்படி என்ன பொறியியல் இருக்கிறது? நோவி என்று ஒரு சூப்பர்சார்ஜர் வி8 இருந்ததாமே, அதைக்கூட ஏன் ஜெயிக்க வைக்க முடியவில்லை?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

பம்புசெட் என்று நீங்கள் கிண்டலாகச் சொன்னாலும் அது உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆஃபென்ஹவுசரைச் சுருக்கமாக ஆஃபி என்பார்கள். ஆஃபியின் மூதாதை ஒரு படகு எஞ்சின். லாஸ் ஏஞ்சலஸில் ஹாரி மில்லர் 1920களில் பந்தயப் படகுகளுக்காக நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்தார். மண் பாதைகளில் கார் ஓட்டியவர்கள் அதை வாங்கித் தங்கள் வண்டிகளில் பொருத்தினார்கள். மில்லர் 1933-ல் திவாலானார். அவருடைய பட்டறை மேஸ்திரி ஃப்ரெட் ஆஃபென்ஹவுசர் அதே எஞ்சினைத் தன் பெயரில் செய்ய ஆரம்பித்தார். 1946-ல் லூயி மேயரும் டேல் டிரேக்கும் வாங்கினார்கள். முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வரைபடம் போட்டவர் மட்டும் மாறவில்லை. லியோ கூசன். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் அவர்தான். மில்லர் காலத்திலிருந்து 1970கள் வரை பென்சிலும் கையுமாக இருந்தவர்.

பன்னிரண்டு சிலிண்டர் ஃபெராரி என்றீர்கள். அது இண்டியானாபோலிஸுக்கு வந்தே இருக்கிறது. 1952-ல் இத்தாலிய ஓட்டுநர் ஆல்பர்ட்டோ அஸ்காரி 4.5 லிட்டர் ஃபெராரியோடு வந்தார். அந்த வருடம் உலக சாம்பியன்ஷிப்பில் அவர் கலந்துகொண்ட மற்ற எல்லாப் பந்தயங்களையும் ஜெயித்தவர். இங்கே 40-வது சுற்றில் பின்சக்கரம் உடைந்து வெளியேறினார். எஞ்சினில் குறை இல்லை. இரண்டரை மைல் பாதை, நாலு திருப்பம், நாலும் இடது பக்கம், அந்த வேகத்தில் சுற்றுக்குச் சுற்று வலப்பக்கச் சக்கரங்களின் மேல் விழும் பாரம். சாலைப் பாதைகளில் பழகிய அந்த வண்டிக்கு இது புது உபத்திரவம்.

இடது பக்கம் மட்டும் திருப்புவது எளிது என்று நினைக்கிறோம். ஓட்டுநரை விடுங்கள், எஞ்சினின் கஷ்டத்தைப் பாருங்கள். ஆயில் முழுக்க வலப்பக்கம் ஒதுங்கிவிடும். அதை உறிஞ்சி எடுக்கத் தெரியாத எஞ்சின் பேரிங் வறண்டு செத்துப்போகும். சாலைப் பாதை என்றால் பிரேக் பிடிக்கும்போதாவது எஞ்சினுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இங்கே மூன்றரை மணி நேரத்துக்கு ஆக்சிலரேட்டரில் இருந்து கால் எடுப்பதே அபூர்வம்.

சரி, ஆஃபி இதை எப்படித் தாங்கியது? நீங்கள் டீசல்காரர் என்பதால் உங்களுக்கு உடனே புரியும்: அதில் ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்பு, கிடையாது. பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு, வால்வுகளைத் திறந்து மூட மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், அவற்றை ஓட்ட முன்பக்கம் பல்சக்கர வரிசை. இதெல்லாம் 1930களிலேயே இருந்தது என்பதைக் கவனியுங்கள். கிராங்க்ஷாஃப்ட் சுழலும் கூடான கிராங்க்கேஸ் ஒரே பீப்பாய். மெயின் பேரிங்குகளை வட்டமான தாங்கிகளில் வைத்து, கிராங்க்ஷாஃப்ட்டோடு சேர்த்து ஒரு முனை வழியாக உள்ளே தள்ளுவார்கள். வால்வு மாற்றுவதுதான் நரகம். ஹெட்டைக் கழற்ற முடியாது, அதனால் சிலிண்டருக்குள் கீழேயிருந்து கையை விட்டுச் செய்ய வேண்டும். அவ்வளவு பெரிய நாலு சிலிண்டர் அதிராமல் இருக்குமா? நன்றாகவே அதிரும், வண்டியின் குழாய்களையும் போல்ட்டுகளையும் பதம் பார்க்கும். மெக்கானிக்குகள் திட்டிக்கொண்டே வேலை செய்தார்கள். ஆனால் 500 மைல் ஓடி முடித்தது.

நோவி இதற்கு நேர்மாறு. அதிலும் கூசனின் கை உண்டு என்பது வேடிக்கை. 3 லிட்டர் வி8, அதாவது V வடிவில் எட்டு சிலிண்டர், எஞ்சினே ஓட்டி உள்ளே காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர், 1940களிலேயே 500 குதிரைத்திறன். அதன் ஊளையை ஒலிப்பதிவில்தான் கேட்டிருக்கிறேன், அதற்கே மயிர்க்கூச்செறியும். 1949-ல் புறப்படும் வரிசையின் முதல் இரண்டு இடமும் நோவிக்கு. டியூக் நேலனின் வண்டி அச்சு முறிந்து சுவரில் மோதி எரிந்தது, அவர் தீக்காயங்களோடு தப்பினார். ரெக்ஸ் மேஸின் வண்டி எஞ்சின் நின்று ஓய்ந்தது. ஜெயித்தது ஆஃபி. நோவிக்கு எரிபொருளும் டயரும் போதாது. நிறையத் தொட்டி நிரப்பினால் எடை, குறைத்தால் அடிக்கடி நிறுத்த வேண்டும். அதன் ரசிகர்கள் துரதிர்ஷ்டம் என்பார்கள். எனக்கு அது கணக்குப் பிழையாகத்தான் படுகிறது.

1947 முதல் 1964 வரை இந்தப் பாதையின் 500 மைல் பந்தயமான இண்டியானாபோலிஸ் 500-ல் ஆஃபியைத் தவிர வேறு எஞ்சின் ஜெயிக்கவே இல்லை. எஞ்சின் ஒன்றேயானதால் புத்திசாலித்தனம் எல்லாம் அதை எங்கே, எப்படி வைப்பது என்பதில் இறங்கியது. பந்தயக் கார் கட்டிய ஃபிராங்க் கர்டிஸ் எஞ்சினைச் சாய்த்து இடப்பக்கமாக ஒதுக்கினார். ஜார்ஜ் சாலி ஒரு படி மேலே போய் கிட்டத்தட்டத் தரையோடு படுக்க வைத்தார், அதுவும் தன் வீட்டு கராஜில். அந்தக் கார் 1957-ல் சாம் ஹாங்க்ஸ் ஓட்டியும், 1958-ல் ஜிம்மி பிரையன் ஓட்டியும் இரண்டு வருடமும் ஜெயித்தது. அடுத்த முறை போனால் அதன் மூக்கு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

அப்புறம் 1963-ல் ஜிம் கிளார்க் பின்பக்க எஞ்சின் லோட்டஸ் காரோடு வந்து இரண்டாவதாக வந்தார். 1965-ல் ஜெயித்தே விட்டார், நாலு கேம்ஷாஃப்ட் ஃபோர்டு வி8 வைத்து. ஆஃபியின் கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். நீங்கள் சொல்லும் "பிடித்துத் தொங்கிய" எஞ்சின் என்றால் அங்கேயே செத்திருக்க வேண்டும். சாகவில்லை.

டர்போ வந்தது, வெளியேறும் புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி. அன்றைய டர்போவின் பெரிய குறை தாமதம்: காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் அது சுழன்று வேகம் பிடிக்கும்வரை சக்தி வராது. சாலைப் பாதையில் இது பெரிய தலைவலி. நீள்வட்டத்தில் கால் எடுப்பதே குறைவு என்பதால் டர்போ எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். அடுத்து, டர்போ காற்றைத் திணிக்கத் திணிக்க முதலில் போவது ஹெட் கேஸ்கெட். ஆஃபியில் போவதற்கு அது இல்லவே இல்லை. கூடவே எரிபொருளாக மெத்தனால், ஆவியாகும்போதே உள்ளே குளிர்விக்கும். கொள்ளளவை 2.75 லிட்டருக்குச் சுருக்கி டர்போ மாட்டினார்கள். 1968-ல் பாபி அன்சர் அதை வைத்து ஜெயித்தார். 500-ல் டர்போ எஞ்சினுக்கு அதுதான் முதல் வெற்றி. ஃபோர்டும் டர்போ மாட்டியது, 1969 முதல் 71 வரை மூன்று வருடமும் ஜெயிக்கவும் செய்தது. ஆனால் 1972 முதல் 76 வரை ஐந்து வருடமும் மீண்டும் ஆஃபிதான். 1973-ல் ஜானி ரூதர்ஃபோர்டு தகுதிச் சுற்றில் மணிக்கு 198.4 மைல் போனார். மூதாதைப் படகு எஞ்சின் பிறந்து நாற்பது வருடத்துக்கும் மேல் கழித்து, அதன் வாரிசு தகுதிச் சுற்றுகளில் 1,000 குதிரைத்திறனைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த சக்தி பயங்கரமானதும்கூட. அதே 1973 மே மாதத்தில் ஆர்ட் போலார்டு பயிற்சியில் இறந்தார். பந்தயத்தில் அடிபட்ட ஸ்வீடு சாவேஜ் ஜூலையில் இறந்தார். அடுத்த வருடம் முதல் டர்போ அழுத்தத்துக்கு வரம்பு வைத்தார்கள். அழுத்தம் குறைந்ததும் ஆஃபியின் பலம் குறைந்தது. அதிக சுழற்சியில் ஓடும் காஸ்வொர்த் வி8-க்கு நேரம் வந்தது. 1978 முதல் 500 அதன் வசம் போனது. ரூதர்ஃபோர்டு 1976-ல் ஜெயித்ததுதான் அங்கே ஆஃபியின் கடைசி வெற்றி.

பின்தங்கியவர்கள் என்ற உங்கள் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை, செந்தில். ஆனால் பணம் ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். பொருளாதார மந்தக் காலத்தில் ஊர் ஊராக மண் பாதையில் ஓட்டிப் பிழைத்தவனுக்கு உதிரிபாகம் கிடைக்கிற, தானே பிரித்துப் பூட்டத் தெரிந்த எஞ்சின்தான் வேண்டியிருந்தது. பன்னிரண்டு சிலிண்டரை யார் கட்டி மேய்ப்பது?